சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறும் பிள்ளைப்பேறும்

நமது பத்திரிகையின் பாடப் பகுதியில் பாவு நூல், சாயம், பயிர் உரம், கடன் கணக்கு ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் எழுதி வந்துள்ளோம். இம்மாதம் பெண்களின் உடல்நலம் பற்றிய ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். சங்கப் பத்திரிகையில் இதற்கு இடம் ஏன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். அதற்குரிய விடை நமது கடன் பதிவேட்டிலேயே இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நெசவாள அங்கத்தினர் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் கேட்டு விண்ணப்பித்தார். நோக்கம் என்ற கட்டத்தில் ‘தறி பழுது பார்க்க’ என்று எழுதியிருந்தார். தறிப் பழுதுக்கு இவ்வளவு பெருந்தொகை ஏன் என்று வினவியபோது தலை குனிந்தார்; பின்னர் மெல்லச் சொன்னார். மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. மனைவிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையே மாதவிலக்கு வருகிறது. நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ‘சினைப்பை முழுவதும் கட்டிகள், சோதனைக் குழாய்க் குழந்தை ஒன்றே வழி, முன்பணம் கட்டுங்கள்’ என்று கூறிவிட்டனராம். வீட்டிலோ, அவருடைய தாயார் வேறு பெண் பார்க்கவேண்டும் என்று பேசத் தொடங்கிவிட்டார். ‘உங்களுக்குப் பரிசோதனை செய்தார்களா?’ என்று கேட்டோம். ‘எனக்கு எதற்கு ஐயா?’ என்றார்.

அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிடவில்லை, நிறுத்தி வைத்தோம். முதலில் இருவருமாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று வருமாறு சொன்னோம். அவருக்குச் சொன்னவற்றையும், அதன்பின் நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் ஏனைய அங்கத்தினர்க்கும் பயன்படும் பொருட்டு இங்கே எழுதுகிறோம்.

இக்கோளாறு அரிதானதன்று. பிள்ளைப்பேற்றுக்குரிய வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பேர் வரை இதற்கு உட்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு இஃது இருப்பதையே அறியாதவர்கள் என்றும் அது கூறுகிறது. நூறு பெண்கள் உள்ள ஒரு நெசவாளர் தெருவில் பத்து வீடுகளிலேனும் இந்தக் கவலை இருக்கும் என்று பொருள். இருந்தும் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாரிடம் இதைப் பேசுவதில்லை.

உடலில் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கருப்பையின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றும் வாதுமைக் கொட்டை அளவினது. பெண் பிறக்கும்போதே தன் கருமுட்டைகளை இவற்றில் கொண்டே பிறக்கிறாள். ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு நீர்ப்பையில் அடங்கியிருக்கும். மாதந்தோறும் பல நீர்ப்பைகள் வளரத் தொடங்கும். எனினும் அவற்றுள் ஒன்றே முந்திக்கொண்டு வளர்ந்து, ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் குறுக்களவு எய்தி, வெடித்து, தன் முட்டையை வெளிவிடும். மற்றவை சுருங்கி மறைந்துபோம். வெளிவந்த முட்டை ஒரு நாளைக்கு மேல் நிலைத்திராது. அதற்குள் கருவுறாவிடின், சுமார் இரண்டு வாரங்களில் மாதவிலக்கு உண்டாகும்.

நமது கோளாற்றில் இந்த முந்திக்கொள்ளும் செயல் தடைப்படுகிறது. பல நீர்ப்பைகள் வளரத் தொடங்கி, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. நெல் பயிரிடுவோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். கதிர் பால் பிடித்தபின் முற்றாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்றே இதுவும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வயலில் அவ்வாறு நின்ற மணி பதராய்ப் போய்விடும். இங்கோ, சினைப்பையில் முட்டைகள் குறைந்துவிடவில்லை. சொல்லப்போனால் மற்றப் பெண்களைவிட மிகுதியாகவே இருக்கின்றன. முற்றி வெளிவருதல் ஒன்றே தடைப்பட்டிருக்கிறது.

ஆகவே ‘கட்டி’ என்னும் பெயரே பலரை வழிதவறச் செய்கிறது. ஸ்கேன் படத்தில் முத்துக் கோத்தாற்போல் தெரிபவை வளர்ச்சி நின்ற நீர்ப்பைகளே. இவை அறுத்து எடுக்கவேண்டிய கட்டிகளும் அல்ல, கரைக்கவேண்டியவையும் அல்ல. ‘தொண்ணூறு நாளில் கட்டி கரையும்’ என்று சுவர்களிலும் கைப்பேசியிலும் விளம்பரம் செய்து பொடியும் லேகியமும் விற்போர், இல்லாத ஒன்றைக் கரைப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கின்றனர் என்றே கூறுவோம்.

வளர்ச்சி நிற்பதற்குக் காரணம் யாது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. குடும்ப வழியாக வரும் இயல்பு இதில் பெரும் பங்கு கொள்கிறது. தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் இவளுக்கும் வர வாய்ப்பு மிகுதி. மற்றொரு காரணம் இன்சுலின். நாம் உண்ணும் மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்க, அதனைத் தசைகளுக்குள் செலுத்துவது இன்சுலின் என்னும் சுரப்பு. இக்கோளாறுள்ள பெண்கள் பலரிடத்து உடல் அதற்குச் சரியாகச் செவி சாய்ப்பதில்லை. அதனால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களுக்குரியதெனச் சொல்லப்படும் சுரப்புகளை அளவுக்கு மீறி உண்டாக்கச் செய்கிறது. முகத்தில் மயிர் அரும்புவதும், பருக்கள் தோன்றுவதும், தலைமயிர் உதிர்வதும், முட்டை முற்றாமல் நிற்பதும் இச்சுரப்பின் மிகுதியாலேயே. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்துத் தோன்றுவது இன்சுலின் மிகுதியின் அடையாளம். அதனை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்ட பெண்களை நாம் அறிவோம். அது தேய்த்துப் போக்கக்கூடிய அழுக்கன்று.

இந்நோய் இக்காலத்து உணவால் திடீரென வந்ததென்று சிலர் கருதுகின்றனர். இத்தாலி நாட்டு மருத்துவ அறிஞர் அந்தோனியோ வல்லிஸ்னேரி என்பவர் 1721-ஆம் ஆண்டிலேயே, மணமாகியும் மகப்பேறு இல்லாத ஓர் இளம் குடியானவப் பெண்ணின் சினைப்பைகள் பருத்து, வெளிறி, புறா முட்டைபோல் இருந்ததைக் குறித்துவைத்தார். குடியானவப் பெண் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னர் 1935-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களின் நிலையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். நெடுங்காலம் இந்நோய் அவ்விருவர் பெயராலேயே வழங்கிற்று. அவர்கள் சினைப்பையில் ஆப்புப்போல் ஒரு துண்டை வெட்டி எடுத்தனர். எழுவர்க்கும் மாதவிலக்கு ஒழுங்குபட்டது, இருவர் கருவுற்றனர். ஆனால் வெட்டிய இடத்தில் தசை ஒட்டிக்கொண்டு புதுத் தடைகளை உண்டாக்கியதால் அம்முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது.

நோயைத் துணிவதற்குரிய விதி 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்களால் வகுக்கப்பட்டது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் சுரப்பு மிகுதி, ஸ்கேனில் தெரியும் நீர்ப்பைகள் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருக்கவேண்டும். தைராய்டு, புரோலாக்டின் முதலிய வேறு கோளாறுகள் இல்லை என்பதும் இரத்தப் பரிசோதனையால் தெளிவுபட வேண்டும். ஸ்கேன் படம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவது முறையன்று என்பது இதனால் விளங்கும். குறிப்பாக, வளரிளம் பருவத்துப் பெண்களுக்கு இந்நோயைத் துணிய ஸ்கேன் எடுப்பதே கூடாது என்று 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி நெறி கூறுகிறது. அவ்வயதில் நல்ல உடல்நலமுள்ள பெண்ணுக்கும் நீர்ப்பைகள் பல தெரியும். பதினைந்து வயதுச் சிறுமிக்கு ஸ்கேன் எடுத்து, ‘கட்டி இருக்கிறது’ என்று கேட்டு வந்து, அவளுக்கு வரன் அமையாதோ என அழும் தாய்மார் இதனை நினைவிற் கொள்க.

இனிப் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பார்ப்போம். மலடி என்னும் சொல்லை நம் வீடுகளில் மிக எளிதாக வீசிவிடுகின்றனர். முட்டை அறவே இல்லாமையும், முட்டை காலம் தவறி வருதலும் ஒன்றல்ல. மாதந்தோறும் பன்னிரண்டு முறை வரவேண்டிய வாய்ப்பு இப்பெண்ணுக்கு ஆண்டில் மூன்று நான்கு முறையே வருகிறது. அதுவும் எந்த நாளில் வரும் என்று தெரிவதில்லை. பதினான்காம் நாளைக் கணக்கிடும் வழக்கம் இருபத்தெட்டு நாள் சுற்றுக்கே பொருந்தும். நாற்பத்தைந்து நாள் சுற்றாயின் முட்டை வெளிவருவது ஏறக்குறைய முப்பத்தோராம் நாள். பதினான்காம் நாளையே நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து சலித்த தம்பதியர் பலர். ஆணின் உயிரணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை நிலைத்திருக்கும். ஆதலின் ஒரு நாளைக் குறித்துவைத்துக் காத்திராமல், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கூடியிருப்பதே இத்தகையோர்க்கு ஏற்றது. இதற்கு மறுபுறமும் உண்டு. ‘நமக்குத்தான் குழந்தை உண்டாகாதே’ என்று கருத்தடையின்றி இருந்து, எதிர்பாராமல் கருவுற்றோரும் உளர்.

ஓராண்டு முயன்றும் கருத்தரியாவிடின் மருத்துவரை நாடுவது பொது விதி. பெண்ணுக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிலக்கே ஒழுங்காக வராதவர் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை.

அப்போது கணவரும் உடன் செல்லவேண்டும். இதனை வற்புறுத்திச் சொல்கிறோம். பிள்ளையில்லாத் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணின் பக்கத்துக் குறையும் கலந்திருக்கிறது. மனைவிக்கு நீர்க்கட்டி என்று தெரிந்துவிட்டதால் கணவரிடம் குறை இல்லை என்று ஆகிவிடாது. விந்துப் பரிசோதனை மிக எளியது, செலவும் குறைவு, இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகியிருந்து மாதிரி கொடுத்தால் போதும். இந்த எளிய காரியத்துக்கு அஞ்சி, மனைவிக்கு ஊசியும் மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் போடச்செய்வது நியாயமன்று, அறிவுடைமையும் அன்று. பாவு நூலில் குறையிருக்க ஊடை நூலையே மாற்றிக்கொண்டிருக்கும் நெசவாளி எவரும் இல்லை.

சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு. கடன் வாங்குமுன் அங்கத்தினர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

முதற்படி உணவும் உழைப்பும். உடல் பருத்த பெண்கள் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குபடத் தொடங்குகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தால் அது முதல் எல்லை. இது மலைக்கத்தக்கதன்று. வயலில் நடவும் களையெடுப்பும் செய்யும் பெண்களுக்கு உடலுழைப்புக் குறைவில்லை. ஆனால் விடியற்காலை முதல் அந்திவரை ராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றும் பெண்களின் நிலை வேறு. கை ஓய்வதில்லை, உடலோ அசைவதில்லை. அவர்கள் வாரத்தில் ஐந்து நாளேனும், நாளைக்கு அரைமணி நேரம் விரைந்து நடக்கவேண்டும். தறிக்கூடத்தில் நாளைக்கு ஐந்து முறை தேநீர் வருகிறது. குவளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை வீதம் பத்துக் கரண்டி வெறும் சர்க்கரை உள்ளே செல்கிறது. இதனைக் குறைப்பதற்கு மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை. அரிசியை அறவே விலக்கவேண்டும் என்பாரும், கேழ்வரகுக் கூழே மருந்து என்பாரும் உளர். கூழும் மாவுப்பொருளே. ஒரு குறிப்பிட்ட உணவு முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று இக்கோளாற்றில் இதுவரை நிறுவப்படவில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பு, பயறு, கீரை, காய், முட்டை முதலியவற்றைக் கூட்டிக்கொண்டால் போதும். மெலிந்த பெண்களுக்கும் இக்கோளாறு வருவதுண்டு. அவர்களைப் பட்டினி போடுதல் பிழை.

இரண்டாம் படி முட்டையை முற்றச் செய்யும் மாத்திரை. முன்னர் குளோமிபீன் பெரிதும் வழங்கிற்று. இப்போது லெட்ரோசோல் முதலிடம் பெற்றுள்ளது. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இக்கோளாறுள்ள 750 பெண்களுக்கு ஐந்து சுற்று வரை இவ்விரண்டில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தனர். லெட்ரோசோல் பெற்றோரில் நூற்றுக்கு 27.5 பேரும், குளோமிபீன் பெற்றோரில் 19.1 பேரும் குழந்தை பெற்றனர். இந்தக் கணக்கை இரு வகையிலும் படிக்க வேண்டும். சில மாத மாத்திரையிலேயே நான்கில் ஒருவருக்கு மேல் குழந்தை பெறுகின்றனர் என்பது ஒன்று. ஐந்து சுற்றுக்குள் பெறாதவரே பெரும்பாலோர் என்பது மற்றொன்று. அவர்கள் மனந்தளராமல் அடுத்த படிக்குச் செல்லவேண்டியவர்கள். லெட்ரோசோல் முதலில் மார்புப் புற்றுநோய்க்கென வந்த மருந்து. மருந்துப் பெட்டியில் உள்ள தாளைப் படித்துவிட்டு, ‘புற்றுநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள்’ என்று அலறியவர் உண்டு. நமது நாட்டில் 2011-இல் பிள்ளைப்பேற்றுக்காக இதனைத் தருவது தடைசெய்யப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் அத்தடை நீக்கப்பட்டது. மருத்துவர் மேற்பார்வையில் மாதத்தில் ஐந்து நாள் உண்ணவேண்டியது இது. கடையில் தாமாகவே வாங்கி உண்ணத்தக்கதன்று.

மெட்பார்மின் என்னும் மாத்திரையும் பலருக்குத் தரப்படுகிறது. பயிர்த்தொழில் செய்வோர் கேட்டு மகிழத்தக்க வரலாறு இதற்கு உண்டு. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி விளைகிறது. அவரை இனத்தைச் சேர்ந்தது. அதில் கண்ட ஒரு பொருளை அடியொற்றியே இம்மருந்து செய்யப்பட்டது. பாரிஸ் நகரத்து மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957-இல் இதனைச் சர்க்கரை நோயாளிகளுக்கு அளித்து முடிவுகளை வெளியிட்டார். இன்சுலினுக்கு உடல் செவி சாய்க்க இது துணை செய்கிறது. ஆயினும் குழந்தைக்காக இதனை மட்டுமே நம்புதல் போதாது. 2007-ஆம் ஆண்டின் ஆய்வில் மெட்பார்மின் மட்டும் உண்டோரில் நூற்றுக்கு 7.2 பேரே குழந்தை பெற்றனர். குளோமிபீன் உண்டோரில் 22.5 பேர்.

இவற்றால் பயன் கிட்டாதபோதே ஊசி மருந்தும், நுண்துளை வழியாகச் சினைப்பையில் செய்யும் சிறு அறுவையும், இறுதியாகச் சோதனைக் குழாய் முறையும் வரவேண்டும். கருக்குழாய் அடைப்போ, கணவரிடம் பெருங்குறையோ, வயது முதிர்ச்சியோ இருப்பின் இவ்வரிசை மாறலாம். அதை மருத்துவரே சொல்லவேண்டும். சோதனைக் குழாய் முறையை நாம் குறை கூறவில்லை. தேவையானவர்க்கு அது பெரும் உதவி. ஆனால் இக்கோளாறுள்ள பெண்களுக்கு ஊசி மருந்தால் சினைப்பை அளவுமீறி வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து மிகுதி. எனவே அனுபவமும் பொறுப்பும் உள்ள இடத்திலேயே செய்துகொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய நிலையங்கள் பதிவு பெற்றிருத்தல் கட்டாயம். பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை.

குழந்தை வேண்டாத காலத்திலும் இக்கோளாற்றைக் கவனியாமல் விடலாகாது. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராதிருந்தால் கருப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது தீங்காக மாறவும் கூடும். மணமாகாத பெண்ணுக்கு மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதித் தருவது இதனைத் தடுக்கவும் சுரப்புகளை ஒழுங்குபடுத்தவுமே. அம்மாத்திரையால் பின்னாளில் மலட்டுத்தன்மை வரும் என்பது வீண் அச்சம். சீட்டைப் பார்த்துவிட்டு மகளின் நடத்தையை ஐயுற்ற வீடும் உண்டு. அதைவிடக் கொடுமை வேறில்லை. சர்க்கரை நோயும் இவர்களுக்கு இளமையிலேயே வரக்கூடும். ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கருவுற்றபின் இது மேலும் முக்கியம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவர்க்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யவேண்டும் என்று 2007-இலேயே அரசு ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் அப்பரிசோதனையை, வாந்தி வருகிறதென்று சாக்குச் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

மனத்துயரையும் ஒரு நோயாகவே கருதவேண்டும். இப்பெண்களுக்கு மனச்சோர்வும் கலக்கமும் மற்றவரைவிட மிகுதியாக உண்டாவதை ஆய்வுகள் காட்டுகின்றன. வளைகாப்பு வீட்டில் அவளைப் பின்வரிசையில் நிறுத்தும் வழக்கம் அச்சோர்வுக்கு எவ்வளவு உரமிடுகிறது என்பதைக் கணக்கிட ஆய்வு எதுவும் தேவையில்லை.

தொடக்கத்தில் சொன்ன அங்கத்தினரின் செய்தியைக் கேட்கப் பலர் விரும்புவர். அவர் அனுமதி பெற்றே எழுதுகிறோம். இருவரும் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். மனைவிக்கு நீர்க்கட்டிக் கோளாறு உறுதியாயிற்று. கருக்குழாயில் அடைப்பு இல்லை. கணவருக்கும் உயிரணு எண்ணிக்கை குறைவு என்று தெரிந்தது. புகையிலை போடுவதை விடுமாறு மருத்துவர் கண்டித்துச் சொன்னார். விட்டிருப்பதாகவே அவர் சொல்கிறார். மனைவி நான்கு கிலோ குறைந்திருக்கிறார். லெட்ரோசோல் மூன்று சுற்று ஆயிற்று; மூன்றாம் சுற்றில் முட்டை முற்றி வெளிவந்தது ஸ்கேனில் தெரிந்தது. கரு இன்னும் தங்கவில்லை. தாயார் வேறு பெண் பார்க்கும் பேச்சை நிறுத்திவிட்டார். மனம் முழுதும் மாறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை. கடன் விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். தேவை நேர்ந்தால் உண்மையான நோக்கத்தை எழுதியே மீண்டும் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம். மருத்துவர் கேட்டபடி மாதவிலக்குத் தேதிகளை அவர் மனைவி குறித்து வருகிறார். நமது சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் நாட்காட்டியில், நூல் வாங்கிய கணக்குக்கும் பால் கணக்குக்கும் நடுவே, சிவப்பு மையால் அத்தேதிகள் வட்டமிடப்பட்டிருக்கின்றன.